கூடம் கோணலா? ஒரு மடக்குக் குழல் காற்றுத் துப்பாக்கியின் நிகழ்வு ஆய்வு

தம்பி நீட்டிய அட்டையில் பத்து ஓட்டைகள் இருந்தன. தூரம் 20 மீட்டர். மேசையில் உட்கார்ந்து, துப்பாக்கியின் முன்கட்டையை மரத்தாங்கியின் மேல் வைத்துச் சுட்டவை. மேலே மூன்று, கீழே இடப்பக்கம் நான்கு, மிச்சம் மூன்றும் எங்கெங்கோ. வெர்னியரை வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று அதிகத் தள்ளியிருந்த இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கிடையே உள்ள தூரத்திலிருந்து குண்டின் விட்டமான 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் 62 வந்தது. அந்தத் தூரத்தில் மைலோ டின் ஒன்றை நிறுத்தினால் படும், அவ்வளவுதான்.

"இது இனித் தேறாது, மாமா. புதிது வாங்கலாம் என்று செயற்குழுவில் சொல்லிவிட்டேன்" என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கூடமும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

நான் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி என்னோடு வேலை பார்த்தவரின் மகன். கோலாலம்பூருக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய துப்பாக்கி சுடும் மன்றத்தில் இருவரும் உறுப்பினர்கள். அங்கே பழுதுபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதில் பேசப்படும் துப்பாக்கி மன்றத்துக்குச் சொந்தமானது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, 4.5 மி.மீ., பத்து வயதுக்கு மேல் ஆனது, தலையில் ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. ஆயுத அறையில் பூட்டப்பட்டிருக்கும், தளத்துக்கு வெளியே போகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே சொல்கிறது. இங்கிலாந்தில் 12 அடி பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கியை வயது வந்தவர் உரிமமில்லாமல் வைத்திருக்கலாம்; ஜெர்மனியில் அந்த வரம்பு 7.5 ஜூல். அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே இணையத்தில் பொட்டலம் வரவழைக்கிறவர்கள் சிறை வாசலுக்கு முகவரி எழுதிக்கொடுக்கிறார்கள். உரிமம் வேண்டும், அதைக் காவல்துறையிடம்தான் பெற வேண்டும்.

செயற்குழு என்னைக் கேட்டது இரண்டு கேள்விகள். பழையதைத் தள்ளிவிடலாமா? புதிது என்றால் எதை வாங்குவது? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதைத் தொட மாட்டேன் என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன்.

முதல் ஞாயிறு செய்தது தவறான வேலை. துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே, முன்கட்டையின் இரு பக்கமும் இருக்கும் திருகாணிகளைத் திருப்புளியால் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்தது அரைச் சுற்று தளர்ந்திருந்தது, வலப்பக்கத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மரக்கட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும், வெயிலில் சுருங்கும். நம் ஊரில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அதோடு ஸ்பிரிங் துப்பாக்கியின் உதறல் ஒவ்வொரு சூட்டிலும் திருகாணியைக் கொஞ்சம் கழற்றிக்கொண்டே இருக்கும். இறுக்கினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எப்போதுமே ஸ்கோப்பின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதையும் கழற்றிவிட்டு, துப்பாக்கியின் சொந்தக் குறிமுள்ளை வைத்துச் சுடச் சொன்னேன். 62 சட்டென்று 41 ஆயிற்று. தம்பி கைதட்டினான்.

எது சரிசெய்தது, திருகாணியா, ஸ்கோப்பைக் கழற்றியதா? எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக்கு வந்த பையன் பட்டறையில் இப்படி இரண்டு வேலையை ஒன்றாகச் செய்திருந்தால் மேஸ்திரி காதைத் திருகியிருப்பார். அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துப் பத்துச் சூடாக இரண்டு அட்டை சுடுவது, இரண்டில் பெரிய எண்ணையே குறித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். ஐந்து சூட்டு அட்டை ஏமாற்றும். ஐந்தும் தற்செயலாகக் கூடி நிற்பது அடிக்கடி நடக்கிற காரியம், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் அதைத்தான் அனுப்புகிறார்கள்.

இரண்டாம் ஞாயிறு திருகாணிகளை இறுக்கமாகவே வைத்து ஸ்கோப்பைத் திரும்ப மாட்டினேன். 52. ஆக, ஸ்கோப்பிலும் ஏதோ இருந்தது. மேலும் கீழும் திருத்தும் குமிழைப் பார்த்தேன். ஏறக்குறைய கடைசிவரை மேலே திருகி வைத்திருந்தார்கள். காரணம் எளிது. மடக்குக் குழல் துப்பாக்கி பலவற்றில் குழல் பூட்டிய நிலையில் வாய்ப்பக்கம் ஒரு நூலளவு கீழே சாய்ந்திருக்கும். ஸ்கோப் அந்தச் சாய்வை அறியாமல் நேராகப் பார்க்கும், குண்டு கீழே படும், சுடுகிறவர் குமிழை மேலே மேலே திருகுவார். ஸ்கோப்புக்குள் குறி காட்டும் குறுக்கு நூலைத் தாங்கும் குழாயை ஒரு சிறு ஸ்பிரிங் எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறது. குமிழை எல்லைவரை தள்ளினால் அந்த ஸ்பிரிங் தொய்ந்துபோகிறது. பிறகு ஒவ்வொரு உதறலுக்கும் குறுக்கு நூல் இடம் மாறும். கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

மருந்து ஒரு காலி குளிர்பான டின்னில் இருந்தது. அந்தத் தகடு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு வளையங்களுக்கும் இடையே இதில் 100 மி.மீ. இருந்தது. பின்வளையத்துக்குள் ஒரு தகடு வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு கிடைக்கும், 20 மீட்டரில் அது 20 மி.மீ. உயர்வு. எனக்கு 50 தேவைப்பட்டது. இரண்டு தகடு வைத்து 40 எடுத்தேன், மிச்சத்தைக் குமிழிடம் விட்டேன். மூன்றாவது தகடு வைத்தால் ஸ்கோப்பின் உடல் வளையும். இந்தக் குமிழில் ஒரு சொடுக்கு கால் நிமிடக் கோணம் (நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ., 20 மீட்டரில் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. குமிழ் நடுவாக்கில் வந்து நின்றது. கூடவே, வளையம் பின்னால் நகர்கிறதா என்று பார்க்கப் பென்சிலால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். நாற்பது சூட்டுக்குப் பிறகும் கோடு கோட்டிலேயே இருந்தது.

அட்டை: 40.

அதே நாள் குண்டு டின்னைக் கொட்டிப் பார்த்தோம். யாரோ இரண்டு வகையை ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார்கள், பாவாடை விளிம்பு நசுங்கியவையும் கிடந்தன. ஈயக்குண்டின் பின்பக்கம் மெல்லிய பாவாடை மாதிரி விரிந்திருக்கும். காற்று அதைக் குழலின் வரிப்பள்ளங்களோடு சேர்த்து அழுத்துவதால்தான் குண்டு சுழன்று போகிறது. விளிம்பு நெளிந்தால் காற்று ஒரு பக்கம் ஒழுகும். ஒரே வகையாக, நெளியாததாகப் பொறுக்கிச் சுட்டோம். 38. இதைப் பெரிய வெற்றியாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் 40க்கும் 38க்கும் இடையே பேசுவதற்கு ஒன்றுமில்லை. குழல் பூட்டும் இடத்தில் காற்று கசிகிறதா என்று ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டை இணைப்பின் மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தோம், அது அசையவில்லை. பூட்டிய குழலைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. துப்பாக்கியில் இனி நான் தேட இடம் இல்லை.

அப்படியும் 38. ஓர் ஆள் உட்கார்ந்து, தாங்கி மேல் வைத்து, 20 மீட்டரில் சுடும்போது இது வெட்கப்படத்தக்க எண்.

மூன்றாம் ஞாயிறு துப்பாக்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். மேசைக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி போட்டு, அவன் கைகளின் உயரத்துக்குக் கண்ணை வைத்து உட்கார்ந்துகொண்டேன். இடது கை முன்கட்டையைக் கவ்வியிருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன. கன்னம் கட்டையில் புதைந்து உதடு கோணியிருந்தது. தோளுக்குள் துப்பாக்கியை இழுத்து இறுக்கியிருந்தான். முன்கட்டை நேராகக் கடினமான மரத்தின் மேல். சுட்ட அடுத்த கணமே தலை நிமிர்ந்து அட்டையைப் பார்த்தது. ஒரு சூட்டில் இறுக்கம் அதிகம், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, மூன்றாவதில் பெருமூச்சு விட்டதால் தோள் இறங்கியிருந்தது.

இங்கே அந்த இயந்திரத்துக்குள் நடப்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் கனமான பிஸ்டனை முன்னே எறிகிறது; அதன் எதிர்வினையாகத் துப்பாக்கி முழுவதும் பின்னே நகர்கிறது. பிஸ்டன் தனக்கு முன்னால் உள்ள காற்றை நசுக்குகிறது, காற்று சூடாகிறது, அழுத்தம் ஏறுகிறது, குண்டு அசையத் தொடங்குகிறது. பிஸ்டன் அந்தக் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி இப்போது முன்பக்கம் உதறுகிறது. போதாததற்கு ஸ்பிரிங் விரியும்போது முறுக்கு அவிழ்வதால் பக்கவாட்டில் ஒரு திருகலும் சேர்கிறது. எல்லாமாகச் சேர்ந்து நொடியில் நூறில் ஒரு பங்கு இருக்கும். அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியில் குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும்தான் உதைக்கும், இது இரு பக்கமும் உதைப்பது. அதற்குச் செய்த ஸ்கோப்பே இதில் சிலசமயம் உடைந்துபோவது இதனால்தான்.

நூறில் ஒரு நொடிக்குள் நடப்பதை எந்தத் தசையாலும் தடுக்க முடியாது. தடுக்க முயன்றால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் தடுப்போம். தம்பியின் அட்டையில் இருந்தது அதுதான்: துப்பாக்கி ஆடியது அல்ல, பத்துத் தடவை பத்து விதமாக ஆடியது.

தடுக்காமல், துப்பாக்கியை அதன் போக்கில் ஆட விட்டுப் பிடிப்பதற்குப் பீரங்கிப் பிடி என்று ஒரு பெயர் வழங்குகிறது. சுடும்போது வண்டியில் பின்வாங்க விடப்படும் பீரங்கியை நினைத்து வைத்த பெயர். தம்பிக்கு அது புரியவில்லை. "ஆரத்தித் தட்டை எப்படி ஏந்துவாய்?" என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினான், விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. "அந்தக் கையைக் கொண்டுவா." விசைக்காப்புக்குச் சற்று முன்னால், துப்பாக்கி தானாகச் சமநிலையில் நிற்கும் இடத்தில் அந்த உள்ளங்கையை வைத்து, கையின் பின்புறத்தை மணல்மூட்டையில் இறக்கினோம். வலது கையில் பெருவிரலைச் சுற்றி வளைக்காமல் மேலே வைக்கச் சொன்னேன். தோள் துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், கன்னம் சாய்ந்திருந்தால் போதும்.

பிறகு கண்ணை மூடச் சொன்னேன். இரண்டு மூச்சு விட்டுத் திறந்தான். குறுக்கு நூல் குறியின் வலப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. அதுவரை அந்த இரண்டு விரற்கடையை அவன் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. விசை விழுந்ததும் தசை தளரும், துப்பாக்கி தன் ஊருக்குத் திரும்பும். நாற்காலியை நகர்த்தினோம். மூடித் திறந்தபோது நூல் குறியிலேயே நின்றது. சுட்ட பிறகு தலையைத் தூக்காமல், உதறல் அடங்கியதும் நூல் எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். இந்தக் கடைசி வேலை சும்மா கொடுத்தது. பதில் சொல்ல வேண்டியிருந்தால்தான் தலை அங்கேயே இருக்கும்.

முதல் நான்கு சூடு கண்டபடி போயிற்று. துப்பாக்கி கையிலிருந்து குதித்துவிடும் என்ற பயம். ஐந்தாவதிலிருந்து ஓட்டைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்தன. புதிய அட்டை மாட்டிப் பத்து, இன்னொன்றில் பத்து. பெரியது 18.

நம்பாமல், பழையபடியே கவ்விப் பிடித்துச் சுடச் சொன்னேன். 42. திரும்ப உள்ளங்கை: 19. மூன்றாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி ஒன்றும் பேசவில்லை. நான் சுட்டது 24. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு அது போதும்.

ஆக, செயற்குழுவுக்கு எழுதிக்கொடுத்த கணக்கு இது. சிதறலில் ஒரு பகுதி திருகாணியும் ஸ்கோப்பும் செய்தது. அதைச் சரிசெய்யக் கூலி உட்பட ஒரு குளிர்பான டின் செலவு. நீங்கியதில் ஏறக்குறைய பாதி கை செய்தது. புதிய துப்பாக்கி வாங்கி அதே கையில் கொடுத்திருந்தால் அதுவும் நாற்பதைச் சுற்றியே நின்றிருக்கும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அவர்கள் வாங்க நினைத்தது இதைவிட முரட்டுத்தனமானது.

அந்த விளம்பரத்தாள் என் முன்னால் வைக்கப்பட்டது. நொடிக்கு 1,200 அடி என்று பெரிய எழுத்தில். மீட்டரில் 366. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். ஈயக்குண்டு ஒலிவேகத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. இந்த எண்களைப் பெரும்பாலும் ஈயமல்லாத இறகு எடைக் குண்டில் அளந்து பெட்டியில் அச்சிடுகிறார்கள், அது வேறு. வேகத்துக்காக ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் மடக்கக் கை வலிக்கும், உதறல் கூடும், பிடி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு காலையில் அறுபது முறை மடக்க வேண்டிய துப்பாக்கி இது. இருபதாவது முறைக்குப் பிறகு நடுங்கும் கையோடு என்ன கற்றுக்கொள்வார்கள்?

5.5 மி.மீ. வேண்டும் என்றார் ஒருவர். வயலில் எலி அடிக்கிறவருக்கு அது பொருந்தும். அட்டையில் ஓட்டை போட 4.5 போதும். குண்டு மலிவு, பாதை தட்டை, பத்து மீட்டர் போட்டிக்கும் அந்த அளவுதான். அந்தப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. நம் மலேசிய வீராங்கனை நூர் சுரியானி 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாத வயிற்றோடு நின்று சுட்டது அந்தப் பொட்டைத்தான். மன்றத்துப் பெண்பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசாத வாரம் இல்லை. அந்தப் போட்டித் துப்பாக்கிகள் அழுத்தக் காற்றில் இயங்குபவை, உதறல் கிட்டத்தட்ட இல்லை. அவற்றில் கைக்குற்றம் ஒளிந்துகொள்ளும். ஸ்பிரிங் துப்பாக்கி ஒளிக்காது, அதனால்தான் பழகுகிறவருக்கு அதையே கொடுக்கச் சொல்கிறேன்.

எஃகுச் சுருளுக்குப் பதில் அழுத்திய வாயு இருக்கும் வாயு ஸ்பிரிங் பற்றியும் கேட்டார்கள். முறுக்குத் திருகல் இல்லை, மடக்கி வைத்திருந்தாலும் தொய்யாது. ஆனால் அடி சுருக்கென்று இருக்கும், வாயு போய்விட்டால் என் பட்டறை மேசையில் ஒன்றும் செய்ய முடியாது. எஃகு ஸ்பிரிங் போதும் என்றேன். வைரௌக் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 30 எஸ் போன்ற சிறிய வகை: சுமார் இரண்டரைக் கிலோ, மென்மையாக மடங்கும், திருத்தக்கூடிய நல்ல விசை, சொந்தக் குறிமுள். விசை கனமாகவும் கரடுமுரடாகவும் இருந்தால் மற்றதெல்லாம் வீண். கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கினால் முதலில் விசையையும் குழல் பூட்டையும் பாருங்கள், வேகத்தைக் கேட்காதீர்கள். விசையைப் பார்க்கிறேன் என்று வெறுங்குழலோடு சுட்டுவிடவும் கூடாது. மெத்தையாக நிற்கும் காற்றழுத்தம் இல்லாமல் பிஸ்டன் சுவரில் மோதும். முதல் சில மாதம் ஸ்கோப்பே வேண்டாம் என்பதும் என் கருத்து, இளையவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஸ்கோப் வைத்தே ஆக வேண்டும் என்றால், பத்து மீட்டர்வரை தூரத் திருத்தம் செய்யக்கூடியதும் இரு பக்க உதறலைத் தாங்குவதும் வேண்டும். நூறு கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் 20 மீட்டர் மங்கலாகத் தெரியும், கண் சற்று நகர்ந்தால் நூலும் நகரும்.

இடையே ஒரு சின்ன விசாரணையும் நடந்தது. துருப் பிடிக்கக் கூடாது என்று மன்றத்தில் ஒருவர் குழலின் பின்வாயில் எண்ணெய் பீய்ச்சி வந்திருக்கிறார். அந்த எண்ணெய் சூடான காற்றில் பற்றிக்கொள்ளும். படீரென்று சத்தம், கருகிய வாடை, கண்டபடி வேகம், சீக்கிரமே கெடும் பிஸ்டன் அடைப்பு. வெளியே துணியால் துடைத்தால் போதும். அவர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வரவில்லை.

இன்னொன்றைத் தம்பியிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. குண்டு போடும்போது மடங்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பூட்டு நழுவினால் குழல் விரலோடு மூடிக்கொள்ளும். ஈயம் தொட்ட கையோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பதற்குக் குழாயடியில் ஒரு சோப்பும் வைத்திருக்கிறோம்.

செயற்குழு சிறிய துப்பாக்கி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதியது. பெரியது வாங்காததால் மிச்சமான பணத்தில் ஆறு வகைக் குண்டில் ஒவ்வொரு டின் வாங்கக் கேட்டிருக்கிறேன். தலை விட்டம் 4.50, 4.51, 4.52 என்று வேறு வேறாக வரும், எது இந்தக் குழலுக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். பழைய துப்பாக்கி தன் சட்டத்திலேயே நிற்கிறது. அதன் விசைக்காப்பில் ஒரு சிறு அட்டை கட்டியிருக்கிறேன்: நூறு சூட்டுக்கு ஒருமுறை திருகாணி பார்க்கவும், எண்ணெய் பீய்ச்சாதீர்கள். அதன் கீழே வேறு கையெழுத்தில், தம்பியினுடையது என்று நினைக்கிறேன், "ஆரத்தித் தட்டு" என்று எழுதியிருக்கிறது.